செருப்புக்கு ஐந்து மதிப்பெண்

கவிதை படித்துவிட்டு உங்கள் பிள்ளை அழுகிறாள், உடனே கிளம்பி வாருங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தபோது, டோரதி ராயபுரம் கல்மண்டபத்துத் தையல் கடையில் யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஜுரம், வாந்தி, மயக்கம் என்று கூப்பிட்டால் பெற்றவளுக்கு என்ன செய்வதென்று தெரியும். கவிதைக்கு என்ன மாத்திரை என்று எந்த மருந்துக் கடையில் போய்க் கேட்பது? ஷட்டரை இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

பேரொளி மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையின் ஓரத்தில் இருக்கிறது. தமிழில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் முகங்களை வாசலில் பெரிய ஃப்ளெக்ஸாகக் கட்டியிருந்தார்கள். லாரிப் புகை படிந்து முகங்கள் எல்லாம் ஒரே கறுப்பு. பக்கத்திலிருந்த நூறு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. நூறைத் துடைக்கத் தனியாக ஆள் போட்டிருந்தார்கள்.

தமிழாசிரியர் இக்னேஷியஸை அந்த வட்டாரத்தில் நயம் சார் என்பார்கள். தேர்வில் ஒரு கவிதையைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள் அல்லவா, அந்தக் கேள்விக்கு அவர்தான் அதிபதி. பாராட்டத்தான் சொல்கிறார்கள், பிடிக்கவில்லை என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமில்லை. திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, அணி, சுவை, முடிவுரை என்று தலைப்புகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு இழுத்து, கீழே என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே தயார் செய்து வைத்திருந்தார். தாலாட்டுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான், பாரத மாதாவுக்கும் அதுதான். கவிதை எதுவானாலும் கடைசி வரி மாறாது: ‘படிக்கப் படிக்கத் தெவிட்டாத இன்பம் தருகிறது.’

ஒருமுறை மணலிப் பக்கம் ஏதோ வாயு கசிந்து ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியது. ‘கதவுகளை மூடுங்கள், கண்களைக் கழுவுங்கள், கடற்கரைப் பக்கம் செல்லுங்கள்’ என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். நயம் சார் மட்டும் ஓடவில்லை. ஈரக் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு நின்று கேட்டு, “ஆகா, என்ன மோனை” என்றார். அந்த வருடம் நல்லாசிரியர் விருதுக்குப் பள்ளி அவர் பெயரைத்தான் அனுப்பியது.

டோரதி போனபோது மகள் மகிமா ஆசிரியர் அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. நயம் சார் வினாத்தாளை எடுத்து டோரதியிடம் நீட்டினார். கவிதை இதுதான்:

துறைமுகம் எங்கும் நெருப்பு.
கரையில் ஒதுங்கியது ஒரு செருப்பு.
கழலவில்லை இன்னும் அதன் வார்.
காலைத் தேடுகிறது கடல்.
காத்திருக்கிறது வீட்டில்
மூடி வைத்த சோறு.

டோரதி அதைப் படித்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது போர்க்கவிதை, அம்மா. முதல்தரமான கவிதை” என்றார் நயம் சார். “நெருப்பு, செருப்பு என எதுகை தேனாய் இனிக்கிறது. கரையில், கழலவில்லை, காலை, காத்திருக்கிறது என மோனை துள்ளி விளையாடுகிறது. கடல் தேடுகிறதாம், பாருங்கள், அணி அழகுக்கு அழகு சேர்க்கிறது. இவ்வளவு பெரிய விருந்தை இலையில் பரிமாறியிருக்கிறார்கள். தங்கள் மகள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள்.”

விடைத்தாளில் இருந்த அந்த ஒரு வரி: ‘இந்தக் கவிதையைப் படித்ததும் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல இருக்கிறது.’ அதன் பக்கத்தில் சிவப்பு மையில் வளையல் அளவுக்கு ஒரு பூஜ்யம்.

“ஒத்த செருப்பு கரையில கெடக்குதுன்னா, அத்தப் போட்டுகினு இருந்த ஆளு இன்னா ஆனான் சார்?” என்று கேட்டாள் டோரதி.

நயம் சார் வினாத்தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “அது கேள்வியில் இல்லை, அம்மா.”

“அவ நைனா கப்பல்ல ஃபிட்டரா கீறாரு சார். இப்ப அந்தக் கப்பலு சண்ட நடக்கற கடல் வயியாத்தான் வந்துகினு கீது. டிவில ராக்கெட்டு காட்னா இவ சோறு துன்ன மாட்டா. அதான் அயுதுட்டா.”

“புரிகிறது. அழுகைச் சுவை என்று எழுதட்டுமே, யார் தடுத்தார்கள்? அதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அழக் கூடாது. கண்ணீர் பட்டால் அடிக்கோடு அழிந்துவிடும்.”

விஷயம் தாளாளர் தேவகிருபை அம்மாளிடம் போயிற்று. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கணவர் தண்டையார்பேட்டையில் பருப்பு மண்டி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு மண்டியை விற்று, அந்தப் பணத்தில் அம்மாள் கல்வியை ஆரம்பித்தார். தொழில் மாறினாலும் கை பழகிய கணக்கு மாறவில்லை.

“இங்க பாருங்கம்மா” என்றார் தேவகிருபை அம்மாள். “போர் வேணும்னு நாங்க சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. அது வந்துட்டுன்னா அதுலயிருந்து அஞ்சு மார்க்க எடுக்கத் தெரியணும். அதுக்குத்தான் படிக்க வைக்கோம். எங்க மண்டில துவரம்பருப்புல கல்லு கெடந்தா பொறுக்கிப் போட்டுட்டுத்தான் மூட்டையத் தைப்போம். ஒத்தக் கல்லு மொத்த மூட்டை பேரையும் கெடுத்துரும். உங்க பிள்ளையக் கல்லுன்னு நான் சொல்லல. ஆனா பொறுக்க வேண்டியிருக்கு.”

பொறுக்குவது என்றால் என்ன என்பதையும் அவரே விளக்கினார். அடுத்து வரும் திருப்புதல் தேர்வில் நயம் பாராட்டலில் முழு மதிப்பெண் வாங்காவிட்டால், மகிமா டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்த் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். பொதுத்தேர்வு முடிவு வரும்போது பள்ளியின் ஃப்ளெக்ஸில் கறை இருக்கக் கூடாது.

“வீட்டுச் சூழல் சரியில்லாமத்தான் பிள்ளைகளுக்கு நயம் வரமாட்டேங்கு. அதனால சனிக்கிழமை பெற்றோர் நய முகாம் வச்சிருக்கோம். நீங்களும் வந்துருங்க.”

டோரதி போனாள். போகாவிட்டால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்ற பயம். முகாமுக்கு எண்ணூரிலிருந்து வந்தவர்கள் தலையில் விழுந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலைத் தட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நயம் சார் செருப்புக் கவிதையை ராகம் போட்டுப் படித்தார். இரண்டாவது வரி முடிந்ததும் எல்லோரும் ‘ஆகா’ என்று சொல்ல வேண்டும். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்த டேங்கர் லாரி டிரைவர் ஒருவர் தூங்கிவிட்டார். தூக்கத்திலேயே சரியான இடத்தில் ‘ஆகா’ என்றார். அவருக்கு நயமிகு தந்தை என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

எண்ணூர்க்காரர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். “சார், அந்த மூடி வெச்ச சோத்துக்கு இன்னா கொயம்பு?”

“அது கவிஞரின் சொந்த விஷயம்” என்றார் நயம் சார்.

டோரதிக்கு ‘ஆகா’ வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு சும்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே அவர் ஒரு கட்டு விடைத்தாளும் திருத்திக்கொண்டிருந்தார். தாளின் இடது ஓரத்தில் ஸ்கேலை வைப்பார், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அடிக்கோடு போட்ட தலைப்புகளை ஸ்கேல் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். மதிப்பெண் போடுவார். அடுத்த தாள். தலைப்புகளுக்குக் கீழே அவர் கண் ஒருமுறைகூட இறங்கவில்லை. தையல்காரிக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா?

அடுத்த வாரம் டிவியில் ஒரு கப்பல் எரிந்தது. மகிமாவின் அப்பா தாமஸ் வேலை பார்த்த கப்பல்.

டோரதி பாரிமுனையில் இருந்த கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு ஓடினாள். தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். ஃபோன் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று வீட்டிலிருந்த தையல் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கிடந்த தாமஸின் பழைய செருப்பை எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் கை வரவில்லை. டோரதிக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மகளுக்குக் காட்டாமல் சோறு வடித்து மூடி வைத்தாள். மகளும் பயத்தைக் காட்டாமல் சாப்பிடுவதாகப் பாவனை செய்தாள்.

அப்போதுதான் வீட்டு வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. தேவகிருபை அம்மாளே முன்சீட்டில் இருந்தார்.

“ஏறுங்கம்மா. பள்ளிக்கூடத்துல கூட்டம் ஏற்பாடு பண்ணிருக்கோம். லோக்கல் சேனல்லயிருந்தும் வாராங்க.”

“இன்னாக் கூட்டம் மேடம்? இன்னும் ஒண்ணியுமே தெரியலியே.”

“தெரியாட்டி என்ன? ஃப்ளெக்ஸ்ல பொதுவாத்தான் போட்டிருக்கோம். உயிரோட இருந்தாருன்னா பிரார்த்தனைக் கூட்டம். இல்லன்னா அஞ்சலிக் கூட்டம். பேச்சு ஒண்ணுதான்.”

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தாமஸின் படம், அதற்குக் கீழே ‘கடலளவு கண்ணியம்’ என்று ஒரு வரி. மாலை தயாராக நாற்காலியில் இருந்தது. போடுவதா வேண்டாமா என்பது ஏஜென்ட் ஆபீஸின் பதிலைப் பொறுத்தது. டோரதியையும் மகிமாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நயம் சார் மைக்கைப் பிடித்தார்.

“திரு. தாமஸ் அவர்களின் வாழ்வில் திரண்டு நிற்கும் கருத்து கடல். மையக் கருத்து கப்பல். தாமஸ், தந்தை, தண்ணீர், தன்னலமின்மை என்று அவர் வாழ்வெங்கும் மோனை துள்ளி விளையாடுகிறது. கப்பல், உப்பு, தப்பு என்று எதுகை தேனாய் இனிக்கிறது. தப்பு என்றது எதுகைக்காக. அவர் தப்பு ஏதும் செய்தவர் அல்லர்.”

இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் பழக்கதோஷத்தில் ‘ஆகா’ என்றார்கள்.

“தீ அவரை முத்தமிட வந்தது. கடல் அவரைத் தழுவ விரைந்தது. இங்கே அணி அழகுக்கு அழகு சேர்ப்பதைக் காண்க” என்று நயம் சார் கையை விரித்தபோது டோரதியின் ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். வெளிநாட்டு நம்பர்.

“டோரு, நாந்தான்.”

டோரதி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“கேக்குதா? கப்பல்ல தீ புட்ச்சிகிச்சு. போட்டுல எறங்கிட்டோம். வேற ஒரு கப்பலு ஏத்திகினு வந்து இங்க ஆஸ்பத்திரில வுட்டுகீறான். கைல கொஞ்சம் கொப்பளம், வேற ஒண்ணியும் இல்ல. செருப்புதான் ஒண்ணு தண்ணில பூட்ச்சி. நீ இன்னாத்துக்கு அயுவுற?”

மகிமா ஃபோனின் மறுபக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். இந்த அழுகையை அடக்க வேண்டிய அவசியம் இல்லை.

“அங்க இன்னா மைக்கு சவுண்டு?” என்றான் தாமஸ்.

“மீட்டிங்குய்யா.”

தாமஸ் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். நயம் சார் அவனுடைய சுவை நயத்துக்கு வந்திருந்தார். “பாவம், நல்ல மன்சன் போலகீது” என்றான். “எந்த வூட்டு ஆளு?”

“நம்ம வூட்டு ஆளுதான்யா” என்று சொல்லிவிட்டு டோரதி எழுந்து நின்றாள். “சார், நிறுத்துங்க சார். என் வூட்டுக்காரரு லைன்ல கீறாரு. உசுரோட கீறாரு.”

நயம் சார் மைக்கை உள்ளங்கையால் மூடினார். “மிக்க மகிழ்ச்சி, அம்மா. உட்காருங்கள். முடிவுரை மட்டும்தான் பாக்கி. முடிவுரை இல்லாமல் விட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும்.” பிறகு கையை எடுத்துவிட்டு, கணீரென்று சொன்னார்: “ஆக, திரு. தாமஸ் அவர்களின் மறைவு படிக்கப் படிக்கத் தெவிட்டாத இன்பம் தருகிறது.”

பிள்ளைகள் ‘ஆகா’ என்றார்கள்.

லோக்கல் சேனலுக்கு தேவகிருபை அம்மாள் பேட்டி கொடுத்தார். முடிவுரை முடிவதற்குள் உயிர் வந்துவிட்டது, எங்கள் பள்ளியின் கற்பித்தல் முறை அப்படிப்பட்டது என்றார். கேமரா போனதும் டோரதியைத் தனியாகக் கூப்பிட்டார். “அப்பா பொழச்சிட்டாருல்லா. இனி பிள்ளைக்கு அழ ஒரு காரணமும் இல்ல. திருப்புதல் தேர்வுல அதே கவிதைதான். டி.சி. எழுதி ரெடியா வச்சிருக்கு, பாத்துக்கிடுங்க.”

அன்று டோரதிக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. புருஷன் பிழைத்துக்கொண்டான் என்ற சந்தோஷத்தைக்கூட அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் பட வேண்டியிருந்தது.

“நான் அந்த ஸ்கூலுக்கே போகல” என்றாள் மகிமா. “இன்பம் தருதுன்னு என்னால எயுத முடியாதும்மா. எயுதுனா அப்பா மூஞ்சில எப்டி முயிப்பேன்?”

டோரதி மெஷின் பக்கத்தில் கிடந்த ஒரு கோட்டை எடுத்து மகளிடம் கொடுத்தாள். கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்தது. “மேல பாரு. எப்டிகீது?”

“சூப்பராகீது.”

“உள்ள லைனிங்கு இன்னா துணின்னு மாப்ளைக்குத் தெரியுமா? தையலு நேரா ஓடிச்சின்னா எவனும் பிரிச்சுப் பாக்க மாட்டான். உங்க சாரும் அப்டித்தான். ஸ்கேல வெச்சி தலப்ப எண்ணிட்டுப் பூடுவாரு. தலப்ப அவருக்கு எயுது. கீய உனக்கு எயுதிக்க.”

திருப்புதல் தேர்வில் மகிமா அப்படியே எழுதினாள். தலைப்புகளைக் கறுப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்து நேராக அடிக்கோடு போட்டாள்.

திரண்ட கருத்து: எங்கள் அப்பா கப்பலில் ஃபிட்டர். அவருக்கு யாரோடும் சண்டை இல்லை.

மையக் கருத்து: டிவியில் அவருடைய கப்பல் எரிந்தது.

மோனை: ஃபோன் சத்தம் கேட்காது என்று அம்மா மெஷினை மிதிக்கவில்லை.

எதுகை: மெஷின் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பயமாக இருந்தது.

அணி: அப்பாவின் பழைய செருப்பு வாசலிலேயே இருந்தது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

சுவை: மூடி வைத்த சோறு ஊசிவிட்டது. அம்மா மறுபடியும் வடித்தாள்.

முடிவுரை: இந்தப் போரைத் தொடங்கியவர்கள் யாரும் எங்கள் தெருவில் இல்லை.

நயம் சார் ஸ்கேலை வைத்தார், இழுத்தார், எண்ணினார். ஐந்துக்கு ஐந்து. ‘அடிக்கோடுகள் மிக நேர்த்தி’ என்று ஓரத்தில் ஒரு பாராட்டும் எழுதினார். டி.சி. கிழிக்கப்பட்டது. டிவியில் வந்த குடும்பத்துப் பிள்ளை, முழு மதிப்பெண் வேறு. தேவகிருபை அம்மாளின் மண்டிக் கை சும்மா இருக்குமா? அந்த விடைத்தாளைப் படித்துப் பார்க்காமலேயே நகல் எடுத்து, பேரொளியின் மாதிரி விடை என்று எல்லா வகுப்புக்கும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். பொதுத்தேர்வில் மழையைப் பற்றி ஒரு கவிதை வந்தது. பரீட்சைக்குப் போன எல்லோரும் மாதிரி விடையை எழுதிவிட்டு வந்தார்கள். திருத்திய இடத்திலும் ஸ்கேல்தான் போலிருக்கிறது. அத்தனை பேருக்கும் ஐந்துக்கு ஐந்து.

கையில் கொப்பளம் ஆறிய தழும்போடு தாமஸ் ஊர் வந்து சேர்ந்தான். மகிமாவின் மதிப்பெண் சான்றிதழை வாங்க, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு டோரதியோடு பள்ளிக்குப் போனான். ஃப்ளெக்ஸில் மகிமாவின் முகம் ஏற்கெனவே பாதி கறுத்திருந்தது. உள்ளே, மாடியிலும் கீழேயும், எல்லா வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் ஒரே குரலில் மனப்பாடம் செய்யும் சத்தம் வந்தது.

“எங்கள் அப்பா கப்பலில் ஃபிட்டர். அவருக்கு யாரோடும் சண்டை இல்லை. டிவியில் அவருடைய கப்பல் எரிந்தது.”

தாமஸ் மாடிப்படிக்குக் கீழே நின்றுவிட்டான். “இன்னாம்மே இது, இத்தினி புள்ளைங்க நைனாவும் கப்பல்லியா கீறாங்கோ?”

“ஆமாய்யா. அஞ்சு மார்க்குக்கு” என்றாள் டோரதி.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டான். பிள்ளைகள் சோறு வரிக்கு வந்திருந்தார்கள்.

“அல்லாரும் திரும்பி வந்துட்டாங்களாமா?” என்று கேட்டான்.

“அத்தல்லாம் கொஸ்டின்ல கேக்க மாட்டாங்கோ” என்றாள் டோரதி.